எறிவது துறவாகுமா?

பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் கயிற்றுக்கட்டில் கிடக்காத முற்றத்தைக் காண்பது அரிது. ஹரித்வாருக்கும் பிருந்தாவனத்துக்கும் யாத்திரை சென்றவர்கள் வழியில் சாலையோர உணவுக்கடைகளில் அதன்மேல் அமர்ந்து ரொட்டி உண்டிருப்பார்கள். 'சார்பாய்' என்பது அதன் பெயர். நான்கு கால்களை உடையது என்று பொருள். பகலில் அது விருந்தினருக்கு ஆசனம். மாலையில் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசும் இடம். கோடை இரவில் வானத்தின் கீழே படுக்கை. மிளகாய் உலர்த்துவதும் அதன்மேல்தான். சாலை வசதியற்ற ஊர்களில் நோயாளியைச் சுமந்து செல்வதும் அதன்மேல்தான். 1330களில் இந்தியாவுக்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா இந்நாட்டுக் கட்டில்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரே ஆள் தூக்கிச் செல்லும் அளவுக்கு அவை இலேசானவை என்றும், நான்கு கால்களில் நான்கு சட்டங்களைப் பொருத்தி இடையில் பட்டு அல்லது பருத்திக் கயிற்றால் பின்னப்பட்டவை என்றும் அவர் கூறுகிறார். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த அமைப்பு மாறவில்லை.

வெளியிலேயே கிடக்கும் பொருள் ஆதலால் வெயிலும் பனியும் மழையும் அதை விடுவதில்லை. கயிறு தளர்கிறது, நைகிறது, ஒருநாள் அறுகிறது. தூக்கி எறிவதா, சரிசெய்வதா என்ற கேள்வி அப்போது எழுகிறது. சில நூறு ரூபாய் பெறுமானமுள்ள ஒரு பொருளைப் பற்றிய கேள்விதான் இது. ஆயினும் ஆன்மிக வாழ்வில் நாட்டமுள்ள ஒருவரை இது நெடுந்தூரம் அழைத்துச் செல்லக்கூடும்.

ஹரியானாவின் சிற்றூர் ஒன்றில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். அத்தகைய குடும்பங்கள் அங்கே பல உண்டு. குடும்பத் தலைவர் எழுபது வயதைக் கடந்தவர். பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி தம் இறுதிக் கோடைக்காலத்தை முற்றத்திலிருந்த கயிற்றுக்கட்டிலில் கழித்தார். அவர் மறைந்தபின் பெரியவர் அக்கட்டிலில் எவரையும் அமர விடவில்லை, தாமும் அமரவில்லை. அது சுவரில் சாய்த்து நிறுத்தப்பட்டது. இரண்டு மழைக்காலங்கள் அதன்மேல் பெய்து ஓய்ந்தன. கயிறு கறுத்து இற்றுப் போயிற்று.

விடுமுறைக்கு வந்த மகன் அதைக் கண்டு, "பாபுஜி, இதை அகற்றிவிட்டு இரும்புக் கட்டில் ஒன்று வாங்கி வருகிறேன். அதற்கு நைலான் பட்டை, மழை ஒன்றும் செய்யாது" என்றான். தந்தை மறுத்தார். மகன் சிரித்துக்கொண்டே, "தாங்கள் நாள்தோறும் கீதை பாராயணம் செய்கிறீர்கள். நைந்த ஆடையைக் களைந்துவிட்டுப் புதியதை உடுத்துவது பற்றிப் பகவானே சொல்லியிருக்கிறாரே! இந்தப் பழைய மரத்தின்மேல் ஏன் இத்தனை பற்று?" என்று கேட்டான்.

விளையாட்டாகக் கேட்கப்பட்ட கேள்விதான். ஆனால் அது தைத்தது. பெரியவர் அன்று மாலை வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

நைந்த ஆடையின் உவமை எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். போர்க்களத்தில், உற்றாரின் மரணத்தை எண்ணிக் கலங்கி நிற்கும் ஒருவனிடம், உடல் அழிந்தாலும் உயிர் அழிவதில்லை என்பதை உணர்த்துவதற்காகக் கூறப்பட்டது அது. வீட்டுச் சாமான்களை எவ்வளவு விரைவில் மாற்றலாம் என்பதற்கு அதைச் சான்றாகக் கொள்வது பொருந்தாது. அன்றியும் அந்த உவமை உடுத்த முடியாத அளவுக்கு நைந்துபோன துணியைப் பற்றியது. ஓர் ஓரம் கிழிந்ததற்காக வேட்டியை வீசுபவனைப் பற்றி அது பேசவில்லை. எது முற்றும் தேய்ந்தது, எது இன்னும் உறுதியாக இருக்கிறது என்று பிரித்தறிய விவேகம் வேண்டும். கயிறு இற்றுவிட்டது, சீஷம் மரத்தில் கடைந்த கால்களோ இன்னும் இரு தலைமுறைக்கு நிற்கும். இரண்டையும் சேர்த்து எறிபவன் எதையும் துறந்துவிடவில்லை. பார்க்கத் தவறுகிறான், அவ்வளவே.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் தியாகத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறது. உடலுக்கு வருத்தம் தருகிறதே என்று அஞ்சிக் கடமையைக் கைவிடுவதை அது ராஜஸத் தியாகம் என்று வைக்கிறது. அதனால் தியாகத்தின் பலன் கிட்டுவதில்லை என்றும் சொல்கிறது. இந்நாளில் பொருள்களை எளிதாக வீசுபவர்களில் பலர், தங்களுக்கு அவற்றின்மேல் பற்றில்லை என்றே உண்மையாக நம்புகிறார்கள். பழைய நாற்காலி போனால் என்ன, பழைய பெஞ்சு போனால் என்ன என்பார்கள். ஆனால் வீசிய கையே அடுத்த கணம் புதிய ஒன்றை நோக்கி நீள்கிறது. ஆசை இடம் மாறியிருக்கிறது, குறையவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஒருவர் வீசுவதை இன்னொருவர் அரும்பொருளாக வாங்குவார்! 2017-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் ஒருவர் இதே கயிற்றுக்கட்டிலுக்கு 990 ஆஸ்திரேலிய டாலர் விலை குறித்து விளம்பரம் செய்தபோது, இந்தியச் செய்தித்தாள்கள் அதை வியப்போடு வெளியிட்டன.

ஆயினும் மகனின் கேள்வியில் பாதி உண்மை இருந்தது. பெரியவரைத் தைத்தது அந்தப் பாதிதான். கட்டிலின்மீது அவருக்குப் பற்று இருந்தது. அந்தப் பற்றே கட்டிலைக் கெடுத்தது. யாரும் அமரக்கூடாது என்று ஒதுக்கி வைத்த பொருளைத் தட்டித் துடைப்பதற்குக்கூட யாருக்கும் மனம் வரவில்லை. நாள்தோறும் பயன்பட்டிருந்தால், தளரும்போதெல்லாம் யாரேனும் இழுத்துக் கட்டியிருப்பார்கள். மழை வந்தால் தாழ்வாரத்தில் ஏற்றியிருப்பார்கள். மறைந்தவளின் நினைவாக வைத்த பொருள் அவர் கண்ணெதிரிலேயே மட்கிக்கொண்டிருந்தது. எறிய நினைத்த மகனும் எறிய மறுத்த தந்தையும் அதற்குச் செய்தது ஒன்றே என்பது அவருக்கு அன்று விளங்கியது. மறுநாள் காலை, மழுங்கிய அரிவாளைத் தீட்டி எடுத்துக்கொண்டு அவர் பழைய கயிற்றை அறுக்கத் தொடங்கினார். பத்து வயதுப் பேரன் உடன் அமர்ந்தான்.

இந்த வேலையின் விவரம் தென்னாட்டு வாசகர்கள் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். கட்டிலுக்கு ஆணி கிடையாது. சட்டங்களின் முனைகள் கால்களிலுள்ள துளைகளில் செருகப்பட்டிருக்கும். பின்னலின் இழுவிசையே அவற்றை இறுக்கிப் பிடிக்கிறது. கயிறு தளர்ந்தால் மரமும் ஆட்டம் காண்கிறது. மரம் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் கட்டிலைக் கழித்துவிடுவது இதனால்தான். பின்னல் கட்டிலின் முழு நீளத்துக்கும் செல்வதில்லை. கால்மாட்டில் ஒரு முழம் அளவுக்கு இடம் விடப்படுகிறது. அங்கே பின்னலின் ஓரத்தையும் கால்மாட்டுச் சட்டத்தையும் இணைத்து ஒரு கயிறு மாறிமாறி ஓடும். இந்தியில் அதை 'அத்வான்' என்பார்கள். படுக்கை தொய்யும்போதெல்லாம் அந்த ஒரு கயிற்றை இழுத்து முறுக்கினால் போதும். முழுக் கட்டிலும் மீண்டும் விறைப்பாகிவிடும். ஒரு நாள் தளரும் என்று அறிந்தே, அதற்கான இடத்தையும் விட்டுச் செய்த பொருள் இது. பழுதுபட்டால் திறக்கவும் முடியாதபடி ஒட்டி மூடி விற்கப்படும் இக்காலப் பொருள்களை எண்ணும்போது, பெயர் தெரியாத அந்தப் பழைய தச்சனை வணங்கத் தோன்றுகிறது.

கயிறு முஞ்சைப் புல்லால் ஆனது. யமுனை, சட்லெஜ் நதிகளின் மணற்பாங்கான கரைகளில் ஆளுயரத்துக்கும் மேலாக வளரும் புல் அது. பூந்தண்டை மூடியிருக்கும் உறையை உரித்து, நனைத்து, அடித்து, நாராக்கித் திரிப்பார்கள். உபநயனத்தின்போது பிரம்மசாரியின் இடையில் கட்டப்படும் மௌஞ்சி என்னும் அரைஞாணும் இந்தப் புல்தான். கட உபநிஷதத்தின் இறுதியில், உடலிலிருந்து ஆன்மாவைப் பிரித்தறியும் முறையை யமன் நசிகேதனுக்கு உணர்த்துகிறான். அவன் காட்டும் உவமையும் இதுவே. முஞ்சையின் உறையிலிருந்து உள்தண்டை உருவி எடுப்பதுபோல, பொறுமையோடு செய்ய வேண்டும் என்கிறான். பலமாக இழுத்தால் தண்டு ஒடிந்துவிடும் என்பது அந்தப் புல்லைக் கையாண்டவர்களுக்குத் தெரியும். புத்தகத்தில் மட்டும் அந்த உவமையைப் படித்தவர்கள் பொறுமை என்ற சொல்லின்மேல் அத்தனை நேரம் நிற்பதில்லை.

பெரியவர் சந்தையிலிருந்து வாங்கிவந்த கயிற்றை நீரில் நனைய வைத்தார். சட்டத்தைத் தரையில் கிடத்தி, மூலைக்கு மூலை அளந்து, இரு அளவுகளும் சமமாகும்வரை தட்டிச் சரிசெய்தார். கணித ஆசிரியருக்கு அது எளிது. பின்னுவது எளிதாக இல்லை. நண்பகலுக்குள் முஞ்சை நார் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. இரண்டாம் நாள், பதினோராவது வரிசையில் ஓர் இழை மேலே செல்ல வேண்டிய இடத்தில் கீழே சென்றிருப்பதைப் பேரன் கண்டுபிடித்தான். பின்னிய ஐந்து வரிசைகளைப் பிரிக்க வேண்டியதாயிற்று. நான்காம் நாள் அத்வான் கட்டினார்கள். ஓர் இழையை மட்டும் முழுவலிமையோடு இழுத்தால் சட்டம் கோணிக்கொள்ளும். எல்லா இழைகளையும் சிறிது சிறிதாக, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, மீண்டும் மீண்டும் இறுக்கிக்கொண்டு வர வேண்டும். மாலையில் சிறுவன் கட்டிலின் நடுவே கையால் தட்டினான். மத்தளம்போல் ஒலித்தது.

அந்த வேளையில் பெரியவர் அடைந்த நிறைவு எத்தகையது? புதிய கட்டில் வாங்கினாலும் மகிழ்ச்சி உண்டு, அதை மறுப்பதற்கில்லை. விரும்பிய பொருள் கைக்கு வந்ததும் விருப்பம் சற்று ஓய்கிறது. அலை அடங்கிய நீரில் நிலவு தெரிவதுபோல், ஓய்ந்த மனத்தில் அதற்கு இயல்பான ஆனந்தம் தென்படுகிறது என்று வேதாந்த ஆசிரியர்கள் விளக்குவார்கள். மனிதன் அந்த ஆனந்தம் பொருளிலிருந்து வந்ததாக எண்ணி, அடுத்த பொருளைத் தேடிப் போகிறான். பெரியவரின் நிலை வேறு. நான்கு நாட்கள் அவர் மனம் வேறொன்றையும் விரும்பவில்லை. விரும்புவதற்கு அதற்கு நேரமே இருக்கவில்லை. மேல், கீழ், மேல், கீழ் என்று இழையோடு சென்றுகொண்டிருந்தது. இரண்டு ஆண்டுகளாக ஜபத்தில் அமர்ந்தும் கிட்டாத ஓர்மை, புண்பட்ட உள்ளங்கைகளோடு முற்றத்தில் கிட்டியது. ஜபம் குறைந்தது என்பது இதன் பொருளாகாது. முழு மனத்தோடு செய்யும் எந்தச் செயலும் ஜபத்துக்கு உற்ற துணை என்பதையே இது காட்டுகிறது.

காந்திஜி இதை நன்கு அறிந்திருந்தார். 1910-இல் ஜோஹன்னஸ்பர்க் அருகே, நண்பர் ஹெர்மன் காலன்பாக் அளித்த நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணையை அவர் அமைத்தபோது, பெஞ்சிலிருந்து பெட்டிவரை தேவையான மரச் சாமான்களை அங்கிருந்தவர்களே செய்துகொண்டார்கள். செருப்புத் தைப்பதைக் காலன்பாக் ஒரு கிறிஸ்தவத் துறவியர் மடத்துக்குச் சென்று கற்றுவந்து மற்றவர்களுக்கும் கற்பித்தார். சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் வாழ்ந்த இடம் அது. கையால் உழைப்பது அங்கே சிக்கனத்துக்காக மட்டும் செய்யப்படவில்லை. சிறை செல்லவும் அஞ்சாத மனத்துக்கு அதுவே பயிற்சியாக இருந்தது.

இத்தகைய நிறைவிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. 'நானே செய்தேன்' என்ற எண்ணம் அதன் அடியிலேயே முளைக்கிறது. அண்டை வீட்டார் வந்து பார்த்துப் பாராட்டினார்கள். பெரியவர் முதல்நாள் வந்தவரிடம் இரண்டு வாக்கியங்களில் சொன்னதை, மூன்றாம் நாள் வந்தவரிடம் அரைமணி நேரம் விவரித்தார். பக்கத்தில் நின்ற பேரன், "தாதாஜி, தலைமாட்டுப் பக்கம் முழுவதும் நான் பின்னியது" என்றான். வந்தவர் சிரித்தார். பெரியவரும் சிறிது தாமதித்துச் சிரித்தார். கர்த்தா என்ற அபிமானம் இல்லாமல், ஊக்கத்தோடும் உறுதியோடும் செயல் புரிபவனைக் கீதை சாத்விகன் என்கிறது. பண்டிதர்கள் பல பக்கங்களில் உரை எழுதும் அந்த இலக்கணத்தை அச்சிறுவன் ஒரே வாக்கியத்தில் நினைவூட்டிவிட்டான்.

கட்டில் மீண்டும் சுவரோரம் செல்லவில்லை. வாயிலுக்கு அருகே வேப்ப மரத்தடியில் போடப்பட்டது. பால்காரரும் தபால்காரரும் அதில் அமர்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். புதுக் கயிறு நெகிழ்ந்து கொடுக்கும் இயல்புடையது. முதல் வாரத்திலேயே ஒருமுறை அத்வானை இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. விடுமுறை முடிந்து புறப்படும்முன் மகனே அதைச் செய்தான். இரும்புக் கட்டிலைப் பற்றி அவன் மறுபடியும் பேசவில்லை. அதில் அமர்ந்துதான் காலணிக்குக் கயிறு கட்டினான்.

இதில் ஒரு வேலையை மட்டும் பெரியவர் தாமே செய்யவில்லை. பழைய கயிற்றை அறுத்தபோது, நீளச் சட்டம் ஒன்றின் முனை மழைநீரில் ஊறி உளுத்திருப்பது தெரிந்தது. அதை மாற்றிப் புதுச் சட்டத்தின் முனையைத் துளைக்குப் பொருந்தச் செதுக்க இருமுறை முயன்றார். இருமுறையும் மரம் பிளந்தது. ஊர்த் தச்சரை அழைத்தார். தச்சர் தரையில் குந்தி அமர்ந்து, அளவுகோலைக்கூட எடுக்காமல், அரைமணி நேரத்தில் செதுக்கிச் செருகிவிட்டு எழுந்தார். முன்பெல்லாம் அவர் கேட்கும் கூலியில் பத்து ரூபாயாவது குறைக்கச் சொல்வது பெரியவரின் வழக்கம். அன்று, பிளந்து கிடந்த இரு துண்டுகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கேட்டதை அப்படியே எடுத்துக் கொடுத்தார்.