‘டைரக்ட்’

அம்பாஸடர் காரில் ஹெட்லைட் ஒன்று மங்கலாக எரிகிறதென்று கொண்டுபோனால், ஆட்டோ எலெக்ட்ரீஷியன்களில் பலர் பாட்டரியின் இரு முனைகளிலிருந்தும் புதிதாக ஒயர் இழுத்து, தனியாக ஒரு சுவிட்சும் வைத்து, விளக்கோடு சேர்த்துவிடுவார்கள். விளக்கு பளிச்சென்று எரியும். ‘டைரக்ட் குடுத்தாச்சு சார்.’ பழுது நீக்கப்பட்டதா என்பது என் கேள்வி. எரிவதுதானே விளக்கின் தர்மம், எரிகிறது, அப்புறம் என்ன என்பவர்களுக்கு இது வெட்டி விசாரமாகப் படலாம்.

1950களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்து, கல்கத்தா அருகே உத்தர்பாராவில் 2014 வரை தயாரான கார் இது. இதில் மின்சாரம் விளக்குக்குப் போகத்தான் நீண்ட ஒயர்; திரும்பி வருவது காரின் இரும்பு உடம்பு வழியாக. அந்த உடம்போடு விளக்கு சேரும் இடத்தை எர்த் என்கிறார்கள். பழைய காரில் அங்கே போல்ட்டுக்கடியில் துரு ஏறியிருக்கும். ஒரு வோல்ட் சொச்சம் அதிலேயே தொலையும். 12 வோல்ட் 10.8 ஆனால் வெளிச்சத்தில் சுமார் 30 சதவிகிதம் போய்விடும்.

விசேஷம், விளக்கு அணைந்திருக்கும்போது இந்த இழப்பே இல்லை என்பது. மின்சாரம் ஓடினால்தான் வோல்ட் தொலையும். அணைத்த விளக்கில் மீட்டரை வைத்து எல்லாம் சரி என்று சொல்பவன் பொய் சொல்லவில்லை. அவன் இன்னும் கேள்வியையே கேட்கவில்லை. எரியவிட்டு, விளக்கின் உலோக உடம்புக்கும் பாட்டரியின் எர்த் முனைக்கும் இடையே அளக்கவேண்டும். முள் பூஜ்யத்தை ஒட்டி நிற்கவேண்டும். நம் இலக்கிய மதிப்பீடுகளில் பாதி அணைத்த விளக்கில் அளந்தவை என்பது வேறு விஷயம்.

இன்னொரு விபரீதமும் உண்டு. அதே எர்த்தில் அந்தப் பக்கத்து சைடு லாம்ப்பும் இண்டிகேட்டரும் சேர்ந்திருந்தால், இண்டிகேட்டரைப் போட்டதும் மின்சாரம், துருவைத் தாண்டமுடியாமல், அணைந்திருக்கும் சைடு லாம்ப்பின் இழை வழியாக எதிர்த்திசையில் ஓடி, காரின் பின்னால் டெயில் லாம்ப்பை அடைந்து, அங்கே நல்ல எர்த்தைக் கண்டு திரும்பும். பின்னால் யாரும் போடாத விளக்கு மெல்லக் கண்சிமிட்டும். குறை முன்னால், அடையாளம் பின்னால். டெயில் லாம்ப்பைக் கழற்றிப் போடுவார்கள்.

இப்போது ‘டைரக்ட்’ என்ன செய்கிறது? ஹெட்லைட்டுக்கு மட்டும் திரும்பும் வழி தந்துவிட்டது. துரு அப்படியே. இண்டிகேட்டர் அப்படியே மங்கல். ஹெட்லைட் நான் பாதையைப் பார்ப்பதற்கு. இண்டிகேட்டரோ எதிரே வருகிற லாரிக்காரன் என்னைப் பார்ப்பதற்கு. எனக்குத் தெரியும் குறை தீர்ந்தது. அவனுக்குத் தெரியவேண்டியது தெரியாமலே இருக்கிறது. சரியாகிவிட்டது என்ற என் திருப்தியோ முழுமையானது. இதை அரைகுறை வேலை என்று சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை.

எலெக்ட்ரீஷியன் பக்கமும் நியாயம் உண்டு. டாக்ஸிக்காரருக்கு இன்று இரவு சவாரி இருக்கிறது. இன்றிரவுக்கு ‘டைரக்ட்’ சரிதான். பாங்கில் கணக்கு நேராகாதபோது வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுகிறோம். அதில் தப்பில்லை, என்றாவது அதைத் தேடித் தீர்க்கவேண்டுமென்ற ஞாபகம் இருக்கிறவரை. 1950களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸே கிடையாது. ஓட்டத்தில் சட்டென்று இருள்வதைவிட ஒயர் சூடாவது மேல் என்று யோசித்துச் செய்ததாகக் காரணம் சொல்வார்கள். அந்த முடிவோடு சண்டை போடலாம், ஆனால் அது ஒரு முடிவு. போன ஃப்யூஸுக்குப் பதில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றுகிறவன் எதையும் முடிவு செய்யவில்லை.

போல்ட்டைக் கழற்றி, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸலின் தடவினால் போதும். செலவென்று ஏதுமில்லை. பிறகு இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, இறங்கி, காரின் பின்னால் போய் நின்று பார்க்கவேண்டும்.