பாதிக் கிணறு

பழைய பல்லாவரத்தில் ஒரு வீடு பார்க்கப் போயிருந்தோம். பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்: "தம்பி, வாங்கினீங்கன்னா கிணத்தைத் தூத்துடுவீங்களா?" இன்னும் எதுவும் முடிவாகவில்லைம்மா என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். நடந்தது அவ்வளவுதான். விலை, ஓட்டுக்கூரையின் நிலை, ரயிலடிக்கு எத்தனை நிமிட நடை என்று எல்லாம் பேசி முடித்தாயிற்று. இந்தக் கேள்வி மட்டும் படுத்தால் வந்துவிடுகிறது.

கிணறு இந்த மனைக்குள் இருப்பது. கிழக்கு வீட்டாருக்கு அதில் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் பாத்தியம் உண்டு என்று மூலப்பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறது. பின்னால் வந்த யாரோ ஒருவர் சுற்றுச்சுவர் கட்டும்போது, கிணற்றை முழுக்கத் தன் பக்கம் வளைத்துக்கொள்ளாமல், சுவரை அதன் குறுக்கே கொண்டுபோயிருக்கிறார். எங்கள் பக்கத்துப் பாதியில் சிமென்ட் பலகை போட்டு மூடி, மேலே பூந்தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்துப் பாதியில் இரும்பு உருளையும் நைலான் கயிறும் இருக்கின்றன. சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். கயிறு ஈரமாக இருந்தது.

வக்கீலிடம் அந்த வரியைக் காட்டினேன். 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்தை எடுத்துச் சொன்னார். இப்படிப்பட்ட உரிமையைத் தொடர்ந்து 20 ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்டால் அது அற்றுப்போகும். "யாரும் இறைக்கலைன்னா பிரச்சினையே இல்லை" என்றார். ஆனால் இறைக்கிறார்களே. குழாய் வந்துவிட்டது, லாரி வருகிறது, கேன் தண்ணீர் வருகிறது. அதற்குப் பிறகும் ஒரு வயதான பெண் துணி அலசவோ செடிக்கு ஊற்றவோ வாளியை உள்ளே விடுகிறார். அந்த உரிமை காகிதத்தில் பிழைத்திருப்பதைவிட அந்தக் கயிற்றில்தான் பிழைத்திருக்கிறது.

செங்கல்பட்டில் எங்கள் தாத்தா வீட்டுக் கிணறும் இப்படித்தான், நடுவில் சுவர். அந்தப் பக்கம் பங்காளி வீடு. என்ன சண்டை என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. பேச்சுவார்த்தை கிடையாது, கல்யாணம் காட்சிக்குப் போவதில்லை. ஆனால் தவலையோ செம்போ உள்ளே விழுந்துவிட்டால் பாட்டி கிணற்றுக்குள் குனிந்து, "பாதாளக் கரண்டியைக் கொஞ்சம் கொடுங்க" என்று குரல் கொடுப்பார். பாதாளக் கரண்டி அவர்கள் வீட்டில்தான் இருந்தது. பதில் தண்ணீரிலிருந்தே எழும்பி வருவதுபோல இருக்கும். சற்று நேரத்தில் சுவருக்கு மேலாக ஒரு கை கரண்டியை நீட்டும். அந்தக் கைக்குரியவரின் முகம் எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தக் கிணற்றை எப்போது மூடினார்கள் என்பதும் தெரியாது. மூடிய பிறகு அந்த இரண்டு வீடுகளுக்கும் பேச ஒரு காரணமும் இருந்திருக்காது.

பல்லாவரத்தைப் பற்றி எப்போதோ படித்தது துண்டு துண்டாக நினைவுக்கு வருகிறது. 1863 மே 30 அன்று, புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே ராணுவ அணிவகுப்புத் திடலருகே, செம்புறைச் சரளைக்கு நடுவே ஒரு கல்லைப் பொறுக்கி எடுத்தார். மனிதக் கை செதுக்கிய கோடரி அது. இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். அவர் சேகரித்தவை பின்னாளில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. இங்கே தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரே தோண்டியெடுத்த, கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழையும் எழும்பூருக்குத்தான் போனது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் மட்டும் ஊரிலேயே இருக்கிறது, இன்று தர்காவாக. பல்லவனின் விருதுப்பெயர்கள் பொறித்த கல்லுக்குப் பக்கத்தில் நின்று மக்கள் வேண்டிக்கொள்கிறார்கள். யாரோ ஒருவருக்கு அந்த இடம் தேவைப்பட்டுக்கொண்டே இருந்ததால் நின்றது என்று எனக்குத் தோன்றுகிறது. வெள்ளிக்கிழமைச் சந்தையைப் பாருங்கள். பழைய மிக்ஸியும் மரக்கதவும் கை மாறி இன்னொரு வீட்டுக்குப் போகின்றன.

இப்படிச் சொல்லும்போதே மறுப்பும் கூடவே வருகிறது. ஊரின் ஒரு பகுதி தொல்லியல் துறையின் பாதுகாப்பு எல்லைக்குள் இருக்கிறது. தொல்சின்னச் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். மகனுக்குக் கல்யாணம், மேலே ஓர் அறை எடுக்க வேண்டும் என்று நினைக்கிற குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய சுமை! பல்லாயிரம் வருஷங்களுக்கு முன் இங்கே கல் செதுக்கியவனுக்காக இன்றைக்கு இருப்பவர் இடமில்லாமல் தவிக்க வேண்டுமா? அவர்கள் கோபப்பட்டால் நான் அவர்கள் பக்கம்தான் நிற்பேன். நல்லவேளை, நாங்கள் பார்த்த வீடு அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று நிம்மதிப்பட்டவனும் நான்தான்.

அப்படியானால் கிணற்றை மட்டும் ஏன் வேறு மாதிரி நினைக்கிறேன்? என் மனைவி கேட்பது நியாயமான கேள்வி: "கார் எங்கே நிறுத்தறது?" முன்பக்கம் இடமில்லை. கிணற்றைத் தூர்த்தால் பக்கவாட்டில் வண்டி தாராளமாக நிற்கும். அந்த அம்மா இல்லாமல் போன பிறகு, அவர் பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டால், கயிற்றைத் தொட ஆளிருக்காது. அதற்குப் பிறகு யாருக்காக அந்தப் பாதியைத் திறந்து வைப்பது? மழைநீரை உள்ளே விடலாம் என்கிறார் ஒரு நண்பர். நல்ல யோசனைதான். அந்த அம்மா கேட்டதற்கு அது பதிலாகுமா என்று தெரியவில்லை.

வீட்டை அநேகமாக வாங்கிவிடுவோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று கணக்குப் போட்டாயிற்று. பத்திரம் எழுதுபவர் ஒன்று மட்டும் கேட்டிருக்கிறார்: மூலப்பத்திரத்தில் உள்ள அந்தப் பாத்திய வரியைப் புதுப் பத்திரத்திலும் சேர்ப்பதா, விட்டுவிடுவதா? சேர்த்தால் நாளைக்கு எங்களிடம் வாங்க வருகிறவர் தயங்குவார். என் மகளுக்கும் அது ஒரு கட்டாக இருக்கும். விட்டுவிட்டால் இப்போதைக்கு யாரும் கேட்கப்போவதில்லை. வியாழக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். ஒருநாள் சேர்க்கச் சொல்லலாம் என்று இருக்கிறது, மறுநாள் வேண்டாம் என்று இருக்கிறது.