துணித் துண்டும் சித்திரமும்

பழைய மகாபலிபுரம் சாலையில் என் அண்ணன் மகன் வாங்கியிருக்கும் அடுக்குமாடி வீட்டில், கிரகப்பிரவேசத்துக்குச் சில நாட்களுக்கு முன்பு, யாருக்கும் உபகாரமின்றி ஒரு மூலையில் உட்கார்ந்து நான் பார்த்த காட்சி ஒன்று, அற்பமானதுதான் என்று எத்தனை சமாதானம் சொல்லிக்கொண்டாலும், மனத்தை விட்டு அகல மறுக்கிறது. கூடத்துச் சுவருக்கென்று பிரத்தியேகமாக எழுதச் சொல்லியிருந்த ஆறடி அகலச் சித்திரத்தை ஓவியர் கொண்டுவந்து சாய்த்து வைத்திருந்தார்: அந்திநேரத்து ஏரி, கரையோரம் தாழம்புதர்கள், மேலே ஆழ்ந்த நீலத்தில் வானம். உள் அலங்காரத்தின் பொறுப்பை ஏற்றிருந்த இன்டீரியர் டிசைனர் பெண், வளையத்தில் கோத்திருந்த சாம்பிள் துணிகளிலிருந்து கடுகு நிறத்தில் ஒன்றைக் கழற்றி அந்த வானத்தின்மேல் வைத்து, கண்ணைச் சற்றே சுருக்கிப் பார்த்துவிட்டு, “சார், சோபா இந்தக் கலர்லதான் வருது. நீலத்தைக் கொஞ்சம் அடக்கிக் குடுத்துடுங்களேன்” என்றார். “பண்ணிடலாம்மா” என்றார் ஓவியர்.

அவ்வளவுதான். வாக்குவாதமில்லை, முகச்சுளிப்பில்லை. அவர் சம்மதித்ததும் எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. பிழைப்பென்று ஒன்று இருக்கிறது. என்னை உறுத்துவது அடுத்து அவர் செய்த காரியம். உள்ளங்கையகலமே இருந்த அந்தத் துண்டை, நூல் பிரியாதிருக்க ஓரமெல்லாம் பல்பல்லாக வெட்டி, முதுகில் எண் அச்சிட்ட சீட்டொன்று ஒட்டியிருந்த அந்தத் துண்டை, அவர் கையில் வாங்கினார். இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். சன்னலண்டை எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் முன்னும் பின்னுமாகத் திருப்பினார். மறுபடியும் கூடத்து மஞ்சள் விளக்கின் கீழ் வந்து நின்று பார்த்தார். பிறகு சட்டைப் பையில், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில், பத்திரமாக வைத்துக்கொண்டார்.

சன்னலுக்கு ஏன் போனார் என்பதற்குக் காரணம் தெரியாமலில்லை. பகலொளியில் இசைந்து நிற்கும் இரண்டு சாயங்கள் மின்விளக்கின் கீழ் ஒன்றுக்கொன்று பகையாகிவிடுவது சாயத்தொழிலில் உள்ளவர்கள் அனைவரும் அறிந்தது. தியாகராய நகரில் புடவை எடுக்கும் பெண்கள், கடைச் சிப்பந்தியின் வர்ணனையை நம்பாமல், புடவையோடு வாசலுக்கு வந்து பார்ப்பதும் இதற்காகத்தான். ஆயினும், ஒரு சோபாத் துணிக்கு அத்தனை சிரத்தையா? இலையையும் நீரையும் பார்க்கிற கண்ணால் அதையும் பார்த்தாரே, அது பணிவா, அன்றி வேறொன்றா?

இந்த விசாரத்தில் இருக்கும்போது, என்றோ படித்த, விஸ்லர் என்ற சித்திரக்காரரின் கதை நினைவுக்கு வந்தது. லண்டன் நகரத்தில் பிரெடரிக் லேலண்ட் என்ற கப்பல் முதலாளி, தம்மிடமிருந்த சீனத்து நீலப் பீங்கான்களைப் பரப்பிவைக்க ஒரு போஜன அறையைச் சித்தப்படுத்தினார். தாமஸ் ஜெக்கில் என்ற வடிவமைப்பாளர் சுவர்களுக்கெல்லாம் பூவேலை செய்த பழைய தோலைப் போர்த்தி, தட்டுகள் அமைத்து, அழகாகத்தான் செய்திருந்தார். கணப்படுப்பின் மேலே ஜேம்ஸ் விஸ்லர் எழுதிய சித்திரம். தோலிலிருந்த சிவப்புப் பூக்கள் தம் சித்திரத்தின் வர்ணங்களைக் கெடுப்பதாக விஸ்லருக்குத் தோன்றவே, அவற்றைச் சற்றே மாற்ற அனுமதி பெற்றார். வீட்டுக்காரர் ஊரிலில்லாத சமயம், அனுமதியின் எல்லையை மறந்து, விலையுயர்ந்த அந்தத் தோல் முழுவதையும் நீலப்பச்சையில் முழுக்கிப் பொன்மயில்களை நிரப்பிவிட்டார். இது 1876, 77 ஆண்டுகளில் நடந்தது. அவர் கேட்டது 2,000 கினி; லேலண்ட் கொடுத்தது 1,000 பவுன். பாதியாகக் குறைந்ததைவிட, கினியாகக் கொடுக்காமல் பவுனாகக் கொடுத்தது விஸ்லரைப் பொசுக்கியது; கினிக்கு இருபத்தொரு ஷில்லிங், கனவான்களுக்குக் கொடுப்பது; பவுனுக்கு இருபது, வேலைக்காரர்களுக்குக் கொடுப்பது. பழிவாங்க, சண்டையிடும் இரண்டு மயில்களை எழுதி, அவற்றில் ஒன்றின் காலடியில் வெள்ளிக் காசுகளை இறைத்துவிட்டுப் போனார். லேலண்ட் அதை அழிக்கவில்லை; தம் அவமானத்தின் எதிரிலேயே ஆயுள்வரை அமர்ந்து சாப்பிட்டார். அந்த அறை இன்று அப்படியே வாஷிங்டனில் பொருட்காட்சியாக இருக்கிறது.

படித்த காலத்தில் என் அபிமானமெல்லாம் விஸ்லர் பக்கம். சித்திரத்துக்காகச் சுவரே வளைந்து கொடுத்தது அங்கே. சோபாவுக்காகச் சித்திரம் வளைந்து கொடுத்தது இங்கே. ஆனால் இப்போது நினைக்கையில், அந்தக் கதையில் யாருடைய கண்ணுக்கும் படாத ஜெக்கில்தான் முன்வந்து நிற்கிறார். தம் வேலையை இன்னொருவர் வர்ணத்தால் மூடிய பிறகு, சித்தம் பேதலித்த நிலையில், 1881-இல் ஒரு மனநோய் விடுதியில் அவர் இறந்தார். அதற்கு இதுவே காரணம் என்று சொல்வது அநியாயம். எனினும், ஒரு கலைஞனின் சுதந்திரம் பக்கத்திலிருக்கும் இன்னொருவனின் உழைப்பின்மேல் நடந்துதான் போக வேண்டுமென்றால், அந்தச் சுதந்திரத்தை முழுமனத்தோடு கொண்டாட முடியவில்லை.

சிறுவயதில் பாட்டி வீட்டில் நான் கண்டதும் இதே விவகாரம்தான். வாசல் நிலைப்படிக்கு மேலே கஜலட்சுமி எழுத, நாடகத் திரைச்சீலைகள் எழுதும் ஒருவரை அழைத்திருந்தார்கள். அவர் சுண்ணாம்பு பூசி, காவியால் கோடிழுத்து, அம்பாளின் வலது கை வரவேண்டிய இடத்தில் அரிக்கேன் விளக்கு மாட்டும் ஆணி இருப்பதைக் கண்டு, அதைப் பிடுங்கலாமா என்று கேட்டார். “ஆணியைத் தொடப்படாது. ராத்திரி விளக்கை உன் தலையிலா மாட்டறது?” என்றாள் பாட்டி. சித்திரக்காரர் சிரித்துக்கொண்டார். சற்று நேரம் ஏணியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, அந்தக் கையில் ஒரு தாமரையைக் கொடுத்து, இதழ்களை ஆணியைச் சுற்றி விரித்தார். ஆணியின் கொண்டை பூவின் நடுவே பொகுட்டாகிவிட்டது. அதன்பின் பல வருஷங்கள் லட்சுமியின் தாமரையிலிருந்து விளக்கு தொங்கியது. புகையேறி அந்தக் கை மட்டும் மெல்லக் கறுத்தது. கட்டளையில்லாமல் அந்தத் தாமரை பிறந்திருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்படியானால் ஆணிக்கு ஒரு நியாயம், துணித் துண்டுக்கு ஒரு நியாயமா? ஆணி அந்த வீட்டின் வாழ்வைச் சேர்ந்தது, துணியோ கடைக் கற்றையைச் சேர்ந்தது. சோபாவுக்கு ஐந்தாறு வருஷத்தில் வேறு உறை வரும், அடக்கப்பட்ட நீலம் அப்போது அநாதையாக நிற்கும் என்று எனக்குள் ஒரு வாதம் எழுந்தது. நல்ல வாதம்தான், ஆனால் அதிக தூரம் நடக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய இருண்ட வழியில் சோழர் காலத்துச் சித்திரக்காரர்கள் எழுதியவற்றை, பின்வந்த நாயக்கர் காலத்தவர்கள் தயக்கமின்றித் தங்கள் சித்திரங்களால் மூடிவிட்டார்கள்; 1931-இல் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டு சொல்லும்வரை, அடியில் அவை இருப்பது வெளியே தெரியவில்லை. சித்தன்னவாசல் குடைவரையில் தாமரைக் குளத்தை எழுதியவர்களுக்கும், கூரை இவ்வளவுதான், தூண் இங்கேதான் என்று பாறை முன்கூட்டியே தீர்மானித்திருந்தது. நிலைத்திருக்கும் என்ற வாக்குறுதியை எந்தச் சுவரும் எவருக்கும் கொடுத்ததில்லை. போகட்டும், காலையில் போட்ட கோலம் நடுப்பகலுக்குள் மிதிபடுவதை நாம் அவமதிப்பாகவா கொள்கிறோம்?

ஒருவேளை எனக்கு வேண்டியிருந்தது அந்த ஓவியருடைய வேதனைதானோ? கலைஞன் கொஞ்சம் துடித்தால்தான் பார்க்கிறவனுக்குத் திருப்தி. அது நமக்குச் செலவில்லாத திருப்தி.

சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த இளைஞர்களும், பிழைப்புக்கும் கலைக்கும் இடையிலான இந்தச் சிக்கலுக்குத் தெளிவான ஏற்பாடு ஒன்று செய்தார்கள். விற்பதற்கு பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து, அந்த வருமானத்தில் நிலம் வாங்கி, 1966-இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையோரம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார்கள். வயிற்றுக்குத் துணி, மனத்துக்குச் சித்திரம். இந்த ஏற்பாட்டின் அழகு எனக்குப் புரிகிறது. ஆனால் மெழுகு ஊற்றிச் சாயம் தோய்த்த அந்தக் கை, சித்திரத் தூரிகையைத் தொடும்போது கற்றதையெல்லாம் மறந்துவிடுமா? பாத்திக்கின் கோடுகள் அவர்களுடைய சித்திரங்களுக்குள் நுழைந்திருக்கும் என்றே நம்ப விரும்புகிறேன்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அன்று, ஓவியர் சித்திரத்தை மறுபடியும் சுற்றிக் கட்டும்போது, உங்களுக்கென்று தனியாக எழுதி வைத்திருப்பவை உண்டா என்று கேட்டேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, “தனியான்னு ஒண்ணும் இல்லீங்க சார்” என்றார்.

இரண்டு கைகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டிய அவசியமே நேராதவரின் பதில் என்று அதைச் சில நாள் எடுத்துக்கொள்கிறேன். பிரித்துக்கொள்ள அவகாசமே கிடைக்காதவரின் பதிலென்று வேறு சில நாள் தோன்றுகிறது. அவர் குரலை நினைவுபடுத்திப் பார்த்தால் இரண்டுக்கும் அது இடம் கொடுக்கிறது. மேலும் துருவிக் கேட்டிருக்கலாம், ஆனால் அவருக்கே அந்தப் பிரிவினை அர்த்தமற்றதாக இருந்தால், என் கேள்வி அவரிடம் எதை உண்டாக்கியிருக்கும் என்பதும் எனக்கு நிச்சயமில்லை.