கல்லறை இல்லாதவர்களுக்காக ஒரு படிப்பு

அக்கா மகளுக்கு மார்ச் மாதத்தில் மூன்று சேர்க்கைக் கடிதங்கள் வந்தன. இந்தியானாவில் உள்ள நோட்ர டேம், பாஸ்டன் கல்லூரி, பெல்ஜியத்தின் லூவேன். மூன்றும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள், மூன்றிலும் இறையியல் முதுகலை. உதவித்தொகையோடு இடம் தரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஏப்ரல் 15-க்குள் பதில் சொல்லிவிடுவது வழக்கம். பொறியியல் படித்து, சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர்களுக்கு மறைக்கல்வி எடுத்துவந்த பெண் அவள். "மாமா, எதுல சேரட்டும்? நீங்க சொல்லுங்க" என்றாள். குருவாகவோ துறவியாகவோ போகாமல் இறையியல் படித்தவன் எங்கள் குடும்பத்தில் நான்தான் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது.

தரவரிசைப் பட்டியல்களை அவள் ஏற்கெனவே அலசியிருந்தாள். அவை ஒரு துறையில் எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் வெளியாகின்றன, அவற்றை எத்தனை பேர் எடுத்தாள்கிறார்கள் என்பதைச் சொல்லும். ஒரு மனிதர் தன் நம்பிக்கையை அறிவால் துருவிப் பார்க்க எந்த இடம் ஏற்றது என்பதை அவை சொல்லமாட்டா. அதனால் வேறொன்றைக் கேட்டேன்: "நீ எதைத் தெரிந்துகொள்ளப் போகிறாய் மக்களே?"

விண்ணப்பத்தில் அவள் எழுதியிருந்தது 'துன்பமும் இறைநம்பிக்கையும்'. நல்ல தலைப்புதான். உலகில் யாரும் எங்கிருந்தும் எழுதக்கூடிய தலைப்பு. அது அவளுக்குள் எங்கே தொடங்கியது என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

எங்கள் ஊர் குமரிக் கடற்கரையில். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. பல பேருடைய உடலும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்று மாலை ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருக்கும். புல்லைச் செதுக்கி, கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தி நிற்பார்கள். சாமியார் வரிசையாக ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வருவார். அந்த ஆண்டு ஒரு பெண் பூவும் மெழுகுதிரியுமாக வந்து, எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நடுவிலிருந்த பெரிய சிலுவையடியில் நின்றாராம். கணவர் கடலில் போனவர். சாமியார் அங்கும் தீர்த்தம் தெளித்தார். "மாமா, கல்லறையே இல்லாதவங்களுக்கு நாம எதை மந்திரிக்கோம்?" இதுதான் அவளை இத்தனை ஆண்டுகள் உறங்கவிடாத கேள்வி.

இதைக் கேட்ட பிறகு எனக்கு ஒன்று உறுதியாகப் பட்டது. கடவுள் ஏன் துன்பத்தை அனுமதிக்கிறார் என்பது அவளுடைய கேள்வி இல்லை. அதற்குப் பதில் தேடி மெய்யியல் சார்ந்த இறையியல் துறைக்குப் போனால், இரண்டு ஆண்டுகள் லைப்னிட்ஸையும் யோபு நூல் உரைகளையும் படித்துவிட்டு, அந்தச் சிலுவையடிக்கு வராமலேயே திரும்பிவிடுவாள். அவள் கேட்பது சடங்கைப் பற்றி. அதற்கு இறையியலில் தனித் துறை இருக்கிறது: திருவழிபாட்டியல்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 1969-இல் வந்த அடக்கச் சடங்குமுறை முழுக்க உடலைச் சுற்றி அமைந்தது. தீர்த்தம் தெளிப்பது அந்த உடல் பெற்ற திருமுழுக்கை நினைத்து. தூபம் காட்டுவது அது தூய ஆவியின் ஆலயமாக இருந்தது என்பதால். இறுதியாக இறந்தவரை இறைவனிடம் ஒப்படைக்கும் பகுதியை உடல் முன்னே இருக்கும்போது மட்டுமே நடத்த வேண்டும் என்றுகூட அதன் முன்னுரை வரையறுக்கிறது. அப்படியானால் கடல் கொண்டுபோனவரை எந்த வார்த்தையால் ஒப்படைப்பது? இறந்துவிட்டார் என்று மனைவியே இன்னும் நம்பாத நிலையில், இறந்தோருக்கான பூசையை எப்போது வைப்பது? ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்கிறது நம் சாட்சியச் சட்டம். திருச்சபை எத்தனை நாள் காத்திருக்கும்? இவை சிறிய கேள்விகள் என்று நினைப்பவர்கள் கடற்கரையில் ஒரு மழைக்காலம் தங்கிப் பார்க்கட்டும்.

கேள்வி எந்தத் துறையைச் சேர்ந்தது என்று தெரிந்ததும் மூன்று கடிதங்களின் எடையும் மாறிவிட்டது. நோட்ர டேமில் திருவழிபாட்டுப் படிப்பை 1947 கோடையில் மைக்கேல் மாதிஸ் என்ற திருச்சிலுவைச் சபைக் குரு தொடங்கினார். யுங்மன் போன்ற ஐரோப்பிய அறிஞர்களை அங்கே வரவழைத்துப் பாடம் நடத்தவைத்தார். இன்றும் அந்தத் துறை வலுவானது. லூவேனிலும் இது நன்றாக நடக்கிறது. பாஸ்டன் கல்லூரியின் இறையியல் பள்ளியில் மேய்ப்புப் பணிக்கான பயிற்சி மிகச் சிறப்பு. நோயாளிகளோடு, சிறையிலிருப்பவர்களோடு பணியாற்ற விரும்புகிறவருக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன். உரோமையில் புனித ஆன்செல்ம் நிறுவனம் 1961 முதல் திருவழிபாட்டுக்கென்றே இருக்கிறது. ஆனால் அங்கே தருவது திருச்சபைப் பட்டங்கள். 'லைசென்சியேட்' என்னும் அந்தப் பட்டத்துக்குள் நுழைய மெய்யியலும் இறையியலும் சேர்ந்த ஐந்தாண்டு அடிப்படைப் படிப்பு வேண்டும். குருமடத்தில் படித்தவர்களுக்கு அது தானாகவே கைவந்திருக்கும், பொறியியல் படித்தவளுக்கு இருக்காது. குருமடத்தில் பேராசிரியராக வேண்டுமென்றால் அந்தப் பட்டம் பெரிதும் தேவைப்படும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

அவளுக்கு இந்தக் கடிதங்கள் எப்படிக் கிடைத்தன என்ற வரலாற்றையும் சொன்னேன். 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களின் இறையியல் துறைகள் குருக்களுக்கும் குருமாணவர்களுக்கும் மட்டுமே உரியவை. பெண்களை, துறவுச் சகோதரிகளைக்கூட, மேற்படிப்புக்குச் சேர்ப்பதில்லை. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மறைக்கல்வி கற்பிப்பவர்களில் பெரும்பாலோர் அந்தச் சகோதரிகள்தான். நோட்ர டேமுக்கு எதிரே சாலையைத் தாண்டினால் பெண்களுக்கான செயின்ட் மேரீஸ் கல்லூரி. அதன் தலைவராக இருந்த கவிஞர், சகோதரி மாதலேவா உல்ஃப், வேறு இடங்களில் கேட்டுப் பார்த்தார். யாரும் கதவைத் திறக்கவில்லை. அதனால் 1943-இல் தன் கல்லூரியிலேயே பெண்களுக்கான இறையியல் மேற்படிப்புப் பள்ளி ஒன்றைத் தொடங்கி, முனைவர் பட்டம் வரை கொடுத்தார். மற்ற பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்க்கத் தொடங்கிய பிறகு, 1960-களின் இறுதியோடு அது முடிந்தது. தன் வேலை நிறைவேறிய பிறகே முடிந்த பள்ளி அது. அந்தச் சகோதரிக்கு நம் வீட்டுப் பெண்களும் கடன்பட்டிருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

"அங்க போயி மனசுல பட்டத வெளிப்படையா எழுத முடியுமா மாமா?" என்று ஒருநாள் கேட்டாள். நியாயமான கேள்வி. 1967-இல் விஸ்கான்சினில் லேண்ட் ஓ லேக்ஸ் என்ற இடத்தில் கூடிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகத் தலைவர்கள், வெளி அதிகாரம் எதுவானாலும் அதிலிருந்து தன்னாட்சி வேண்டும் என்று அறிவித்தார்கள். 1983-இன் திருச்சபைச் சட்டத்தில் 812-ஆம் பிரிவு, கத்தோலிக்க உயர்கல்வி நிறுவனங்களில் இறையியல் கற்பிப்பவர் உரிய திருச்சபை அதிகாரியின் ஆணை பெற்றிருக்க வேண்டும் என்றது. 1986-இல் வாஷிங்டன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் கரன் கத்தோலிக்க இறையியல் கற்பிக்கத் தகுதியற்றவர் என்று உரோமை அறிவித்தது. இந்தியாவில் நெடுங்காலம் கற்பித்த பெல்ஜிய இயேசு சபைக் குரு ஜாக் துப்புயி, பிற சமயங்களைப் பற்றி எழுதிய நூலுக்காக விசாரிக்கப்பட்டார். 2001-இல் அதுபற்றிய அறிக்கை வந்தது. முதுமையில் அவர் பட்ட வேதனையை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

ஆனாலும் இந்த இழுபறி இருப்பதாலேயே கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தை விட்டு விலகு என்று சொல்ல மனம் வரவில்லை. அரசுப் பல்கலைக்கழகத்தின் சமயவியல் துறையில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே அந்தப் பெண்ணின் மெழுகுதிரி ஆராய்ச்சிப் பொருளாகும், அதில் பிழையில்லை. என் அக்கா மகளோ அந்தச் சடங்கு இன்னும் சரியாக நடக்க வேண்டும் என்று விரும்புகிறாள். தன் ஆயரிடமும் பங்குச் சாமியாரிடமும் போய் 'இதை மாற்றலாம்' என்று சொல்ல விரும்புகிறாள். அதற்கு அவர்கள் மதிக்கும் மொழியும் பயிற்சியும் வேண்டும். ஒரு துறை அஞ்சி நடுங்குகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு: கடந்த சில ஆண்டுகளில் அங்கே ஏற்கப்பட்ட முனைவர் ஆய்வுகளின் தலைப்புகளை வாசித்துப் பார்க்க வேண்டும். எல்லாமே இறந்துபோன ஜெர்மானியர்களைப் பற்றி இருந்தால் யோசிக்க வேண்டியதுதான்.

பக்கத்து இருக்கையில் யார் உட்காருவார்கள் என்பதும் பேராசிரியர் யார் என்பதற்குக் குறைந்ததல்ல. லூவேனில் நான் படித்தபோது அகுஸ்தீனாரை இலத்தீனில் வாசிக்கும் வகுப்பு ஒன்று இருந்தது. பாதிப் பக்கம் கடக்க ஒரு மதியம் போய்விடும். அவர் தாய் மோனிக்கா ஒஸ்தியாவில் இறக்கும் இடத்துக்கு வந்தோம். ஆப்பிரிக்காவில் கணவருக்குப் பக்கத்தில் அடக்கம்பண்ணப்பட வேண்டும் என்று ஏங்கியிருந்த தாய், கடைசியில் என் உடலை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், பலிபீடத்தில் மட்டும் என்னை நினையுங்கள் என்கிறார். எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த காங்கோ நாட்டுக் குரு, தன் தாயின் அடக்கத்துக்குப் போக முடியாமல்போனதைச் சொல்லத் தொடங்கினார். பிலிப்பைன்ஸ் சகோதரி ஒருவர், தன் ஊரில் சூறாவளி கொண்டுபோனவர்களைச் சொன்னார். பேராசிரியர் வினைச்சொல் வடிவங்களை அன்றைக்கு விட்டுவிட்டார். அந்த மதியத்தில் நான் கற்றதை எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதிவைக்க முடியாது. அக்கா மகளிடம் இதைச் சொன்னபோது மோனிக்காவின் விருப்பத்தைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

பணத்தைப் பற்றி நான் கறாராகவே பேசினேன். குருமாணவரின் படிப்புச் செலவை மறைமாவட்டம் பார்த்துக்கொள்ளும். சகோதரிக்கு அவர் சபை பார்த்துக்கொள்ளும். பொதுநிலைப் பெண்ணுக்கு யாரும் இல்லை. திரும்பி வந்தாலும் குருமடப் பேராசிரியர் இடங்கள் பெரும்பாலும் குருக்களுக்கே போகின்றன. இது மாற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மாறும்வரை யாரும் வீட்டை அடகுவைத்து இறையியல் படிக்கக் கூடாது. கல்விக் கட்டணத்தை முழுதாகத் தள்ளுபடி செய்து, உணவுக்கும் வாடகைக்கும் தொகை தருகிற இடம் என்றால் மட்டும் போ என்றேன். அக்காவுக்கும் இந்த ஒரு விஷயத்தில்தான் என்மேல் முழு திருப்தி.

இந்தியாவிலேயே படித்தால் என்ன என்று ஊரில் கேட்டவர்களும் உண்டு. கண்டியில் 1893-இல் தொடங்கி 1955-இல் பூனாவுக்கு வந்த பாப்பிறைக் குருமடத்தோடு இணைந்த ஞானதீப வித்யாபீடம் இருக்கிறது. பொதுநிலையினரும் அங்கே படிக்கிறார்கள். அது தாழ்ந்த வழி இல்லை. ஆனால் எங்கே படிக்கிறோம் என்பதும் எங்கே உழைக்கிறோம் என்பதும் வேறுவேறாக இருக்கலாம் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. தமிழ்க் குரு து.ச. அமலோர்பவதாஸ் பாரிசில் படித்தார். திரும்பி வந்து 1967-இல் பெங்களூரில் தேசிய மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தைத் தொடங்கினார். இந்திய ஆயர்கள் கேட்ட பன்னிரண்டு மாற்றங்களுக்கு 1969-இல் உரோமை ஒப்புதல் தந்ததில் அவர் பங்கு பெரிது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர்வது, முழந்தாளிடுவதற்குப் பதில் கைகூப்பி வணங்குவது, ஆரத்தி, எண்ணெய் விளக்கு எல்லாம் பூசைக்குள் வந்தது அப்படித்தான். கடலோரத்துக்கென்று ஓர் அடக்கச் சடங்கும் ஒருநாள் வரலாம்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் அவள் நோட்ர டேமுக்கு ஒப்புதல் அனுப்பினாள். ஆகஸ்டில் வகுப்பு. இலத்தீனை இப்போதே தொடங்கிவிட்டாள். விசா வேலைகளுக்கு நடுவில் இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறேன்: எங்கள் ஊர் உபதேசியாரோடு நான்கைந்து மாலைகள் உட்கார்ந்து, 2017 டிசம்பரில் எந்தெந்த வீட்டில் எந்தச் செபத்தைச் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார், ஏன் விட்டார் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி எடுத்துக்கொண்டு போக வேண்டும்.