வாய்விட்டுக் கேளுங்கள்

புங்குடுதீவு மடத்துவெளி உறவுகளே, ஒருவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட வீட்டு முற்றத்தில் நாங்கள் எல்லோரும் ஒன்றைத்தான் சொல்கிறோம்: "நேற்றும் சிரிச்சுக் கதைச்சவர், ஒண்டும் தெரியேல்லையே." அதில் பொய்யில்லை. ஆனால் கடலுக்குப் போகாமல் ஒரு கிழமையாக வீட்டில் படுத்திருந்ததைக் கண்டோம். ஆசையாய் வளர்த்த ஆட்டை அயலுக்குச் சும்மா கொடுத்ததைக் கண்டோம். "இனி என்னத்துக்கு" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. கண்டதையும் கேட்டதையும் கேள்வியாக்க வாய் வரவில்லை. இனியாவது வரவேண்டும். இன்றைக்கே வரவேண்டும்.

கேட்டால் இல்லாத எண்ணத்தை மூட்டிவிடுவோம் என்று பயப்படுகிறோம். அப்படி நடப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்கப்பட்டவருக்கு நெஞ்சுப் பாரம் சற்று இறங்குகிறது. ஆகையால் சுற்றிவளைக்காதீர்கள். "மாமி, செத்துப்போனால் நல்லம் எண்டு யோசிக்கிறியளோ?" என்று பக்கத்தில் இருந்து, குரலைத் தாழ்த்தி, நேராகவே கேளுங்கள். "ஓம்" என்று அவர் சொன்னால் பதறாதீர்கள். "பிள்ளையளை நினைச்சுப் பாருங்கோ" என்று புத்தி சொல்லவும் வேண்டாம். பிள்ளைகளை நினைத்து நினைத்தே களைத்துப்போனவராக அவர் இருக்கலாம். அவர் சொல்வதைச் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். தனியே விட்டுவிட்டு வராதீர்கள்.

மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் இன்னொருவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வொன்று, போர் உக்கிரமாக நடந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் தற்கொலை குறைந்திருந்ததைக் காட்டியது. காரணம் பல இருக்கலாம். பங்கருக்குள் அயல் முழுவதும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருந்ததும் அதில் ஒன்று என்றே நான் நம்புகிறேன். இன்றைக்கு எங்கள் புங்குடுதீவைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் திரும்பவில்லை. கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. அங்கே ஓர் ஆச்சி, கனடாவில் இருக்கும் மகனின் அழைப்புக்காக, சார்ஜ் போட்ட போனை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறா. வெளிநாட்டுக் காசில் போட்ட கேற்றைப் பொழுதுபடமுன்னரே பூட்டிவிடுகிறா. அந்தக் கேற்றைத் தட்ட ஆள் வேண்டும். கோயில் திருவிழாவுக்கு உபயம் அனுப்பும் சங்கங்களே, தனித்திருக்கும் முதியவர்களைக் கிழமைக்கு இருமுறை போய்ப் பார்க்க ஊரில் இருவரை நியமியுங்கள். அதுவும் திருப்பணிதான்.

வீட்டில் பூச்சிமருந்து வைத்திருப்பவர்கள் அதைப் பூட்டி, திறப்பை வேறொருவரிடம் கொடுங்கள். இது சின்ன விஷயமல்ல. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த வீதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. சாக வேண்டும் என்ற வேகம் பலருக்குச் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாததால் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். பிழைத்தவர்களில் பெரும்பாலானோர் பிறகு அந்த வழிக்குப் போவதுமில்லை.

இன்னொன்றையும் உரத்துச் சொல்கிறேன். உயிரை மாய்க்க முயல்வது இந்த நாட்டில் குற்றமல்ல. அதைக் குற்றமாக்கிய சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டது. பொலிஸ் கேஸ் வரும், பேர் கெடும் என்று பயந்து ஆளை வீட்டுக்குள் ஒளித்து வைத்து நேரத்தைக் கொல்லாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

முதலாளிமாரே, கொழும்புக் கடைகளில் படுத்தெழும்பும் எங்கள் பெடியளுக்கு நீங்கள்தான் தாய் தகப்பன். கணக்குப் பிழைக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, இரவில் நித்திரையில்லை என்றால் வாடிக்கையாளர் முன்னால் ஏசாதீர்கள். உள்ளே கூப்பிட்டுக் கதையுங்கள். கிளினிக்குக்குப் போகச் சம்பளம் வெட்டாமல் லீவு கொடுங்கள். திரும்பி வரும்போது அவனுடைய இடம் அவனுக்கு இருக்கட்டும். படகு முதலாளிகளுக்கும், அதிபர்மாருக்கும், பரிசிலும் சூரிச்சிலும் உணவகம் நடத்துகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். கிழமைக் காசு அறவிட வீடு வீடாக வரும் தம்பிமாரே, அயல் கேட்க ஒரு பெண்ணை அவமானப்படுத்தாதீர்கள். கடனை அடைக்கத் தவணை மாற்றலாம்.

இழந்த குடும்பத்தை எட்டுச்சிலவோடு கைவிடாதீர்கள். அந்தியேட்டி முடிந்து சனம் கலைந்த பிறகுதான் அந்த வீட்டில் இரவு நீளும். பிள்ளைகளிடம் "எப்பிடிச் செத்தவர்?" என்று துருவாதீர்கள். படத்தை வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள்.

இதை வாசிக்கும்போதே அந்த எண்ணம் உங்களுக்குள் இருந்தால், நீங்கள் ஊருக்குப் பாரமில்லை. பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் இப்போதே சொல்லுங்கள். அல்லது 1926ஐ அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் அந்த இலக்கத்தில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். 1333இலும் காசில்லாமல் பேசலாம். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநல வைத்தியம் இலவசம்.

மற்றவர்கள் இந்த இலக்கங்களை இப்போதே போனில் பதியுங்கள். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸையும் சேர்த்துப் பதியுங்கள். இரவில் பஸ் இல்லை. ஆகவே எந்த ஓட்டோக்காரர் எழும்பி வருவார் என்று முன்னரே கேட்டு வையுங்கள். நயினாதீவில், நெடுந்தீவில் இருப்பவர்கள் படகுக்காரரிடமும் பேசி வையுங்கள். பிறகு, இந்தக் கிழமை முழுக்க யாரைக் காணவில்லை என்று யோசித்து, அந்த வீட்டுக்குப் புறப்படுங்கள்.