ஒரே வாளி, இரண்டு கால்

பினாங்கு மாநிலத்தின் தென்பகுதியில், நிபோங் திபால் அருகே இருக்கிறது பைராம் தோட்டம். நிபோங் என்பதே முள் நிறைந்த ஒரு பனையின் பெயர். குரு, தோட்ட மருத்துவமனையில் டிரெஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர். சீடன் செம்பனைக் குலை வெட்டுபவன்.

சீடன்: ஐயா, வலது காலில் மட்டை முள் ஏறி மூன்று நாளாகிறது. ஏறிய அன்று அவ்வளவாக வலிக்கவில்லை. இப்போது போர்வை பட்டாலே உயிர் போகிறது. சின்ன முள்ளுக்கு இவ்வளவா என்று லயத்தில் சிரிக்கிறார்கள்.

குரு: இந்த வாளியில் இரண்டு காலையும் வை.

சீடன்: இடது காலுக்கு இதமாக இருக்கிறது. ஐயோ, வலது கால் எரிகிறதே!

குரு: தண்ணீர் ஒன்றுதானே? எந்தக் கால் பொய் சொல்கிறது?

சீடன்: வலது கால்தான். வெதுவெதுப்பான தண்ணீர் எப்படிச் சுடும்?

குரு: அவசரப்படாதே. உன் பாதத்திலிருந்து முதுகுத்தண்டு வரை, ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு, ஒரே நரம்புச் செல்லின் இழை ஓடுகிறது. அதன் நுனியில் சூட்டை அறியும் வாயில் ஒன்று உண்டு. டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997-இல் அதை அடையாளம் கண்டார்கள். மிளகாய்க் காரமும் அதைத்தான் திறக்கிறது. வழக்கமாக 43 டிகிரி செல்சியஸ் வாக்கில் திறக்கும். காயம் வீங்கினால் அந்த அளவு 35 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடலாம்.

சீடன்: உடம்புச் சூடே அதைவிட அதிகமாயிற்றே!

குரு: அதனால்தான் சும்மா இருக்கும்போதும் புண் எரிகிறது.

சீடன்: அளவை இறக்கி வைத்தது யார்?

குரு: காயப்பட்ட சதைதான். தன் செல்சவ்வின் கொழுப்பிலிருந்து புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளை அது உண்டாக்குகிறது. அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் நரம்பு நுனியில் இருக்கின்றன. பிடித்ததும் செல்லுக்குள் ஒரு சேதி ஓடுகிறது. வெப்ப வாயிலிலும், மின்துடிப்பை எழுப்பும் சோடியம் வாயில்களிலும் பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் லேசாகத் தள்ளினாலே அவை திறந்துவிடும்.

சீடன்: அப்படியானால் புராஸ்டாகிளாண்டின்தான் வலியா?

குரு: நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினேன். 1972-இல் பிரேசில்காரர் செர்ஜியோ ஃபெரெய்ரா அதை மனிதத் தோலுக்கடியில் மிகச் சிறிதளவு செலுத்திப் பார்த்தார். அது மட்டும் இருந்தபோது வலி என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. ஆனால் பிராடிகைனின் போன்ற பொருள்கள் சேர்ந்தபோது வலி பெருகியது. புராஸ்டாகிளாண்டின் நரம்பின் காதைக் கூர்மையாக்குகிறது, அவ்வளவே. கூவுவது வேறொன்று.

சீடன்: ஆஸ்பிரின் அந்தக் காதை அடைக்கிறதா?

குரு: ஏற்பியை அது தொடுவதே இல்லை. புராஸ்டாகிளாண்டின் உண்டாவதையே தடுக்கிறது. ஜான் வேன் 1971-இல் காட்டியது அது. 1982-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனால் வயிற்றின் உட்சுவரைக் காப்பதும் புராஸ்டாகிளாண்டின்தான். மாத்திரை வயிற்றைப் புண்ணாக்குவது அதனால்தான். உற்பத்தியை விட்டுவிட்டு ஒரே ஓர் ஏற்பியை மட்டும் மறித்தால் என்ன என்று பிறகு யோசித்தார்கள். நான்காம் வகை ஏற்பியை மறிக்கும் மருந்து ஒன்றுக்கு, நாய்களின் மூட்டுவலிக்காக, 2016-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சீடன்: ஐயா, முதல் கேள்விக்கு வருகிறேன். வலது கால் பொய் சொல்லவில்லையா?

குரு: இடது கால் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறது. வலது கால் தன்னைப் பற்றிச் சொல்கிறது.

சீடன்: இருந்தாலும் தண்ணீர் சுடுகிறது என்பது தப்புத்தானே?

குரு: தண்ணீரை அளக்க வந்தவனுக்குத் தப்பு. காலை ஊன்றாதே, யாரையும் தொடவிடாதே என்று கெஞ்சும் சதைக்கு அதைவிட நேரான பேச்சு கிடையாது. உன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் முள்ளின் நீளத்தை அளந்தார்கள். உன் நரம்பு இன்று எந்த அளவில் திறக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. எத்தனை பேரின் வலியை நானே இப்படி முள்ளின் நீளத்தால் அளந்திருக்கிறேன்! அதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

சீடன்: அப்படியானால் ஒரு மாத்திரை கொடுங்கள் ஐயா. காது கொஞ்சம் மந்தமாகட்டும்.

குரு: தருகிறேன். முதலில் காலைத் துடைத்துக்கொண்டு வெளிச்சத்தில் காட்டு. கறுப்பாகத் தெரிகிறதே, முள்ளின் நுனி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. கிளினிக் மூடுவதற்குள் போய்விடலாம், ஏறு. மோட்டாரை நான் ஓட்டுகிறேன்.