டார்ச் பிடித்த கை

"லைட்டை ஒழுங்காப் பிடி." என் சிறுவயது ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் முதலில் காதில் விழுவது இந்த அதட்டல்தான். திருச்சியில் எங்கள் வீட்டு வாசலில் அப்பா தன் வெஸ்பாவைப் பிரித்துப் போட்டிருப்பார். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்த அம்மா, டார்ச்சைப் பிடித்தபடி குனிந்து நிற்பார். வண்டி கிளம்பிவிட்டால் தெருவில் போகிறவர்கள், "சார் கை பட்டா எல்லாம் ஓடிரும்" என்பார்கள். அதற்குள் அம்மா உள்ளே போயிருப்பார்.

அப்பா இறந்த மறு வருடம் அண்ணன் அந்த வண்டியை விற்றுவிடலாம் என்றார். "நீ வச்சு என்ன பண்ணப் போற? துருப்பிடிச்சுப் போகும்." அவர் சொன்னதில் தவறில்லை. பழைய வண்டிகளைச் சேகரிக்கும் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்தார். அப்பாவின் வண்டி என்றே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு பொருள் அதை வாங்கியவருடையதா, அதைப் பார்த்துக்கொண்டவருடையதா என்ற கேள்வி அன்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வண்டியின் பிறப்பில் ஒரு முரண் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்வரை விமானங்கள் செய்துகொண்டிருந்த இத்தாலியின் பியாஜியோ நிறுவனம், போருக்குப்பின் சாதாரண மக்களுக்கான வாகனத்தைத் தேடியது. அதை வடிவமைத்த கொராதீனோ தஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர். அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காது. காலைத் தூக்கிப்போட்டு ஏற வேண்டும், உடுப்பில் எண்ணெய் படும், டயர் மாற்றுவது பெரும்பாடு. ஆகவே 1946இல் வந்த வெஸ்பாவில் முன்பக்கம் திறந்திருந்தது, இயந்திரம் தகட்டுக்குள் மறைந்தது, விமானத்தின் தரையிறங்கு சக்கரம்போல முன்சக்கரம் ஒருபுறத் தாங்கலில் நின்றது. பாவாடை கட்டியவரும் ஏறி ஓட்டக்கூடிய வண்டி. ஆனால் 1953இல் வந்த 'ரோமன் ஹாலிடே' படத்தில் இளவரசி வெஸ்பாவின் கைப்பிடியைப் பிடித்ததும் ரோம் நகரமே அலறுகிறது. பெண் ஓட்டுவது அங்கே நகைச்சுவை. பியாஜியோவின் உரிமத்தோடு பஜாஜ் இங்கே தயாரித்த வெஸ்பா நம் தெருக்களுக்கு வந்தபோது, சேலையோடு ஏறி ஓட்டத் தோதான அதே வண்டியில் பெண்கள் பின்னால் ஒருபக்கமாகத்தான் உட்கார்ந்தார்கள். வண்டி யாரையும் தடுக்கவில்லை. தடுத்தது வீடு.

எங்களுடையது 1969ஆம் வருடத்து வண்டி. புது ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலத்தில், அப்பா அதை 1982இல் பழையதாக வாங்கினார். விற்பதற்கு முன் ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கலாமென்று நான் வாசலில் இறக்கினேன். பத்து உதை, பதினைந்து உதை. இருமியதே தவிரக் கிளம்பவில்லை. சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "ஏண்டி, பெட்ரோல் வாடை இங்கவரைக்கும் வருது. ஓவர்ஃப்ளோ ஆயிருச்சு. பிளக்கைக் கழட்டிப் பாரு, நனைஞ்சிருக்கும்."

நனைந்திருந்தது.

அன்று மாலை அம்மாவைக் கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே போனார். பிளக்கின் முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் எரிப்பு சரி. கரி பிடித்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, இயந்திரம் சூடேறுகிறது. இது பெட்ரோலோடு எண்ணெயும் கலந்து எரிகிற டூ ஸ்ட்ரோக் வண்டி, அதனால் சைலன்சரில் கரி அடையும். அடைந்தால் மேட்டில் ஏறாது. கிளட்ச் கேபிள் அறுவதற்கு முன் கைப்பிடியில் முதலில் ஒரு நெருநெருப்பு வரும். சக்கரத்தின் வட்டு இரண்டு பாதியாகப் போல்ட்டில் பூட்டியது. காற்றை முழுதாக இறக்காமல் அதைக் கழற்றினால் ஆளை அடித்துவிடும். முப்பது வருடம் டார்ச் பிடித்தவர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். இருக்கைக்கு ரெக்சின் தைத்தவர் அவர். துடைக்கத் துணி கிழித்தவரும், இரவில் பெட்ரோல் டேப் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுத்தவரும் அவர்தான். "இவ்வளவு தெரிஞ்சும் ஏம்மா நீங்க கையில ஸ்பேனரே எடுக்கல?" என்றேன். "யாரு குடுத்தா?" என்றார்.

தமிழில் நாம் 'பழுது பார்த்தல்' என்கிறோம். வகுப்பில் எத்தனையோ சொற்களைப் பிரித்துப் பொருள் சொல்லியிருக்கிறேன், இதை யோசித்ததில்லை. சரிசெய்வதற்கு நம் மொழி வைத்திருக்கும் பெயரிலேயே பார்ப்பது இருக்கிறது. பழுதைப் பார்ப்பவர்தான் பாதி வேலையைச் செய்கிறார். ஆனால் நம் வீடுகளில் பார்ப்பது ஒருவர் வேலையாகவும் தொடுவது இன்னொருவர் உரிமையாகவும் பிரிந்து கிடக்கிறது. தொட்ட கைக்குப் பெயர் கிடைக்கிறது. அவர் ஞாயிற்றுக்கிழமை செய்தது கைத்திறன்; இவர் தினமும் செய்தது கடமை. கடமைக்கு யாரும் திறமை என்று பெயர் வைப்பதில்லை.

வாங்க வந்தவர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி, "எல்லாம் ஒரிஜினல்தானே?" கார்பரேட்டர் மாற்றியது, சைலன்சர் வேறு வண்டியுடையது, இருக்கை அம்மா தைத்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் விலையைக் குறைத்தார். சந்தை அப்படித்தான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சொல் எனக்கு எங்கேயோ கேட்டது போலிருந்தது. கை படாதது, மாறாதது, வந்தபடியே இருப்பது உயர்ந்தது என்ற அளவுகோலை நாம் முதலில் வைத்துப் பார்த்தது வண்டிகள்மீது அல்ல. அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தாயிற்று. கண்ணில் வைத்திருப்பது செயற்கை வில்லை. முழங்காலில் உலோகம். இவற்றுக்கெல்லாம் யாராவது விலை குறைப்பார்களா? வாழ்ந்ததன் தடயத்தைக் குறை என்று எழுதும் கணக்கில் ஏதோ தப்பு இருக்கிறது. அந்த வண்டி ஐம்பது வருடம் ஓடியது மாறாமல் இருந்ததால் அல்ல, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டதால்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "சமையல், துவைக்கிறது, குழந்தை எல்லாம் போதாதா மேடம்? இதையும் நாமளே பாக்கணுமா?" அவள் கேள்வியை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். பராமரிப்பைப் போற்றிப் போற்றியே பெண்களை அதில் கட்டிவைத்த சரித்திரம் நமக்கு உண்டு. என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: வண்டியை இன்று விட்டுவிட்டு நாளை பார்க்கலாம், பார்க்காமலும் இருக்கலாம், யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். போட்டுவிட்டு எழுந்திருக்க முடிகிற வேலையும் எழுந்திருக்க முடியாத வேலையும் ஒன்றல்ல. அம்மாவுக்கு மறுக்கப்பட்டது முதல் வகை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கற்றுத்தந்த மெக்கானிக் அண்ணன் முதலில், "நீங்க எதுக்கு மேடம் கையை அழுக்காக்கிக்கிட்டு?" என்றார். அவர் பட்டறையில் கார்பன் சுரண்டுகிற பையனிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. என் கைக் கரி ஞாயிறு மாலை சோப்பில் போய்விடுகிறது; போனபின் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதுகிறேன். அவனுக்கு அது கல்யாணத்துக்குப் பெண் கேட்கப் போகிற இடத்தில்கூட நகக்கண்ணில் நிற்கும். கை அழுக்கு யாருக்குப் பொழுதுபோக்கு, யாருக்குத் தலையெழுத்து என்பதைச் சாதியும் வகுப்பும் முடிவுசெய்யும் ஊரில், என் விடுதலையை அவன் உழைப்புக்குச் சமமாக வைத்துப் பேசக் கூடாது. அந்த வண்டி விடும் நீலப் புகையையும் மறக்கக் கூடாது. அதனால் மாதம் ஒருமுறை, தெருமுனைவரைதான்.

வண்டியை விற்கவில்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, 31ஆம் எண் படிவம் நிரப்பினோம். பெயர் எழுதும் இடம் வந்ததும் அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "ரெண்டு பேரும் என்ன பாக்கறீங்க? என் பேருல மாத்துங்க" என்றார் அம்மா. "உனக்கு லைசென்சே இல்லையேம்மா" என்றார் அண்ணன். "ஓட்டறதுக்குத்தான லைசென்ஸ். வச்சுக்கறதுக்கு எதுக்கு?" அண்ணன் சிரித்துவிட்டு ஒப்புதல் கையெழுத்துப் போட்டார்.

போன ஞாயிறு பிளக்கின் இடைவெளியை 0.6 மில்லிமீட்டருக்குச் சரிசெய்தது அம்மா. எழுபத்து மூன்று வயதுக் கை, கொஞ்சம் நடுங்குகிறது. குனிந்து டார்ச் பிடித்தது நான். எங்கே காட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கை மறைத்த இடத்திலேயே வெளிச்சத்தை அடித்துக்கொண்டிருந்தேன்.

"லைட்டை ஒழுங்காப் பிடி" என்றார் அம்மா.